தாய்ப்பாலூட்டலுக்கான சமூக ஆதரவு

தாய்ப்பாலூட்டலுக்கான சமூக ஆதரவு என்பது, மகப்பேற்றுக்குப் பின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் தாய்க்கும் குழந்தைக்கும் அவர்களுடைய குடும்பத்துக்கும், அவர்கள் வாழும் இடத்திலேயே தொடர்ந்து கிடைக்கின்ற உதவியைக் குறிக்கும். ஊர்ச் செவிலியர், மருத்துவ மாது, பயிற்சி பெற்ற அயலவர், முன்னர் பாலூட்டிய அனுபவமுள்ள பிற தாய்மார் ஆகியோர் இவ்வுதவியை வழங்குகின்றனர். கருவுற்ற காலம், மகப்பேறு, அதன் பின் வரும் மாதங்கள் ஆகிய மூன்றும் அறுபடாமல் ஒரே கவனிப்பின் கீழ் அமைவது பராமரிப்புத் தொடர்ச்சி எனப்படுகின்றது. பாலூட்டல் கைவிடப்படுவது பெரும்பாலும் மருத்துவமனையில் அன்று. வீடு திரும்பிய பின் வரும் முதற் சில வாரங்களிலேயே. இதனால் இத்துறையில் எழும் முதன்மையான கேள்வி, அந்த வாரங்களில் தாயின் அருகில் யார் இருக்கின்றார் என்பதாகும்.

பின்னணி

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், அதன் பின் வேறு உணவுடன் சேர்த்து இரண்டு வயது வரை அல்லது அதற்கு மேலும் பாலூட்டலைத் தொடர வேண்டும் என்பன உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் வழங்கும் பரிந்துரைகள் ஆகும். முதல் ஆறு மாதங்களில் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளின் விழுக்காட்டை 2025 ஆம் ஆண்டுக்குள் 50க்கு உயர்த்துவது என 2012 இல் உலக சுகாதார மன்றம் இலக்கு வகுத்தது. 2023 இல் வெளியான கணக்கின்படி இது 48 விழுக்காட்டை எட்டியிருந்தது.

குழந்தைகள் வீட்டிலேயே பிறந்த காலத்தில், பிரசவம் பார்த்த மருத்துவிச்சியே அதன் பின்னும் சில நாட்கள் வந்து பார்த்துச் செல்வது பல சமூகங்களில் வழக்கமாக இருந்தது. அக்கவனிப்பு அனைத்தும் நன்மையானது என்று கூற முடியாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், முதலில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாவில் தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கமும் அதனுடனேயே வந்தவை. எனினும், கேள்வி கேட்பதற்கு அருகில் ஒருவர் இருந்தார். மகப்பேறு மருத்துவமனைக்கு இடம் மாறியபோது தாய், சேய் இறப்பு பெரிதும் குறைந்தது. ஆனால் இரண்டு மூன்று நாட்களில் தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டதும் கவனிப்பு முடிந்துவிடும் நிலையும் உருவானது.

முதல் வாரங்களின் இயல்பு

சமூக ஆதரவு ஏன் குறிப்பிட்ட நாட்களில் தேவைப்படுகின்றது என்பதை அறியப் பால் சுரப்பின் போக்கை அறிதல் வேண்டும். முதல் இரு நாட்களில் சிறிதளவே சீம்பால் சுரக்கும். பிறந்த குழந்தையின் தேவைக்கு அது போதுமானது. இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பால் பெருகத் தொடங்குகின்றது. மார்பு கனத்து இறுகுவதும் காம்பு வெடித்து வலிப்பதும் இந்த நாட்களில்தான் மிகுதி. பல நாடுகளில், தாய் மருத்துவமனையை விட்டுச் செல்லும் நாளும் இதுவே. சிக்கல் தோன்றும் வேளையில் அதைத் தீர்க்கத் தெரிந்தவர் அருகில் இல்லாமற் போகின்றார்.

பிறந்த சில நாட்களில் குழந்தையின் எடை சற்றுக் குறைந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிறப்பு எடையை மீண்டும் அடைவது இயல்பு. இதை அறியாத குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். முதல் ஆறு வாரங்களுக்குள் குழந்தை சில நாட்களில், குறிப்பாக மாலை வேளைகளில், ஓயாது பால் கேட்டு அழுவதும் உண்டு. பால் போதவில்லை என்ற முடிவுக்கு வீட்டார் வருவது பெரும்பாலும் அப்போதுதான். உலகெங்கும் தாய்மார் பாலூட்டலை நிறுத்துவதற்குக் கூறும் காரணங்களுள் முதன்மையானது இதுவே. உண்மையிலேயே உடற்கூற்றுக் காரணங்களால் போதிய பால் சுரக்காத தாய்மாரும் உள்ளனர். ஆனால் அவர்கள் சிறுபான்மையினர்.

இம்முடிவின் விளைவு தன்னைத்தானே மெய்ப்பித்துக் கொள்வதாக அமைகின்றது. பால் சுரப்பு, குழந்தை உறிஞ்சும் அளவைப் பொறுத்தது. மார்பிலிருந்து பால் வெளியேறாதபோது சுரப்பும் குறைகின்றது. புட்டிப்பால் கொடுத்ததும் குழந்தை வயிறு நிரம்பி உறங்கிவிடுகின்றது. மார்பில் உறிஞ்சுவது குறைகின்றது. சில நாட்களில் பால் உண்மையாகவே போதாமல் போகின்றது. இந்தச் சுழற்சி தொடங்கும் முன்னர் ஒருவர் வீட்டுக்கு வந்து, குழந்தை மார்பைப் பற்றும் முறையைக் கவனித்து, சிறுநீர் கழிக்கும் எண்ணிக்கையைக் கேட்டு, எடையை நிறுத்துப் பார்த்தால், பல வேளைகளில் அதைத் தடுக்க இயலும். குழந்தையின் எடை உண்மையாகவே ஏறாதிருந்தால் உரிய காலத்தில் மருத்துவரிடம் அனுப்பவும் இயலும். இரண்டாவது பணி முதலாவதற்குக் குறைந்ததன்று.

தாய்மார் இயக்கங்கள்

தற்கால ஆதரவுக் குழுக்களின் தொடக்கம் 1956 ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் உள்ள பிராங்க்ளின் பார்க் என்னும் ஊரில் ஏழு பெண்கள் சேர்ந்து லா லேச்சே லீக் என்ற அமைப்பைத் தொடங்கினர். 'லேச்சே' என்பது பால் என்னும் பொருள் தரும் எசுப்பானியச் சொல். பாலூட்டுவது அருகிப் போயிருந்த அக்காலத்தில், தாய்மார் ஒருவர் வீட்டில் கூடி, தம் அனுபவத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்து கொண்டனர். 1964 இல் ஆசுத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் மேரி பேட்டன் முயற்சியால் பாலூட்டும் தாய்மார் சங்கம் தோன்றியது.

நோர்வேயின் அனுபவம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1960களின் இறுதியில் அந்நாட்டில் பாலூட்டல் மிகவும் தாழ்ந்திருந்தது. மருத்துவமனைகளில் குழந்தைகள் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைக்கப்பட்டு, மணிக்கணக்கின்படி பாலூட்டக் கொண்டுவரப்பட்டனர். 1968 இல் எலிசபெத் எல்சிங்கும் வேறு சில பெண்களும் அம்மயெல்பன் என்னும் தாய்மார் உதவி அமைப்பைத் தொடங்கினர். பாலூட்டிய அனுபவமுள்ள தாய்மார் தொலைபேசியில் பிற தாய்மாரின் ஐயங்களுக்கு விடை கூறினர். எளிய நடையில் துண்டு வெளியீடுகள் எழுதினர். 1970களில் நோர்வேயில் பாலூட்டல் விரைவாக உயர்ந்தது. மருத்துவமனை நடைமுறைகள் பின்னர் மாறின. ஊதியத்துடன் கூடிய நீண்ட மகப்பேற்று விடுப்பும் அதன் பின்னரே விரிவாக்கப்பட்டது. இன்றைய உயர்ந்த நிலைக்கு விடுப்புச் சட்டங்களும் காரணமாதலால், முழுப் பெருமையையும் தாய்மார் அமைப்புக்கே அளிப்பது பொருந்தாது. ஆனால் கால வரிசையில் முதலில் நின்றது தாய்மாரின் தொலைபேசியே.

பத்தாவது படி

1989 இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப் நிறுவனமும் இணைந்து வெற்றிகரமான தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளை வெளியிட்டன. 1990 ஆகத்து 1 ஆம் நாள் இத்தாலியின் புளோரன்சு நகரில் இன்னொசெண்டிப் பிரகடனம் ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆகத்து முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுவது இதன் நினைவாகவே. 1991 இல் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் மலேசியாவின் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு உலகத் தாய்ப்பாலூட்டல் நடவடிக்கைக் கூட்டணியும் உருவானது.

பத்துப் படிகளுள் ஒன்பது மருத்துவமனைச் சுவருக்குள் நிகழ்பவை. பத்தாவது மட்டுமே வாயிலுக்கு வெளியே செல்கின்றது. ஆதரவுக் குழுக்கள் உருவாக ஊக்கமளித்து, தாய் வீடு திரும்பும்போது அவரை அக்குழுக்களிடம் ஆற்றுப்படுத்த வேண்டும் என அதன் முதல் வடிவம் கூறியது. நடைமுறையில் பல நாடுகளில் மிகவும் பின்தங்கிய படியும் இதுவே. ஒரு பிரசவ அறையின் நடைமுறையை மருத்துவமனைத் தலைவர் ஆணையிட்டு மாற்றலாம். ஊரில் ஒரு குழுவை அவ்வாறு உருவாக்க முடியாது. 2018 இல் திருத்தப்பட்ட வடிவத்தில் 'குழுக்கள்' என்ற சொல் நீங்கியது. அதற்குப் பதிலாக, பெற்றோருக்கும் குழந்தைக்கும் உரிய காலத்தில் தொடர்ந்த ஆதரவும் பராமரிப்பும் கிடைக்கும் வகையில் வீடு திரும்புதலை ஒருங்கிணைப்பது மருத்துவமனையின் பொறுப்பு என வகுக்கப்பட்டது. பொறுப்பு யாருடையது என்பது இதனால் தெளிவாயிற்று. குழு அமைக்கும் வேலை இதனால் எளிதாயிற்று என்று சொல்ல இயலாது.

ஆய்வு முடிவுகள்

மருத்துவமனைப் பயிற்சி மட்டும் போதுமா என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வு பிரேசிலில் நடந்தது. வடகிழக்கில் பெர்னம்புக்கோ மாநிலத்தின் பல்மாரெசு நகரில், மகப்பேற்று மருத்துவமனைப் பணியாளருக்கு முதலில் பயிற்சி அளிக்கப்பட்டது. மருத்துவமனையில் இருந்த காலத்தில் 70 விழுக்காட்டுக் குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். பத்தாம் நாளில் இது 30 விழுக்காடாகச் சரிந்தது. தாய்மாருள் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆறு மாத காலத்தில் பத்து வீட்டுச் சந்திப்புகள் வழங்கப்பட்டன. பத்தாம் நாள் முதல் ஆறாம் மாதம் வரையான சராசரி, சந்திப்புப் பெற்றோரிடையே 45 விழுக்காடாகவும் பெறாதோரிடையே 13 விழுக்காடாகவும் இருந்தது. இம்முடிவுகள் 2005 இல் லான்செட் இதழில் வெளியாயின.

சந்திப்புகளின் எண்ணிக்கை பற்றி மெக்சிக்கோ நகரின் புறப்பகுதியில் நடந்து 1999 இல் வெளியான ஆய்வு விளக்குகின்றது. அங்கு வந்து பார்த்தவர்கள் மருத்துவப் பணியாளர் அல்லர். பயிற்சி பெற்ற அயலவர்களே. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகள், ஆறு சந்திப்புகள் பெற்ற குடும்பங்களில் 67 விழுக்காடு, மூன்று சந்திப்புகள் பெற்றவற்றில் 50 விழுக்காடு, எதுவும் பெறாதவற்றில் 12 விழுக்காடு. வங்காளதேசத் தலைநகர் டாக்காவில் 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கருவுற்ற காலத்தின் இறுதியில் தொடங்கிப் பதினைந்து சந்திப்புகள் நடைபெற்றன. ஐந்தாம் மாதத்தில் வேறுபாடு 70க்கு 6 என அமைந்தது. இந்தியாவின் அரியானா மாநிலத்தில் 2003 இல் வெளியான ஆய்வு, புதிய பணியாளரை நியமிக்காமல், அங்கன்வாடிப் பணியாளர், துணைச் செவிலியர், ஊர் மருத்துவிச்சியர் ஆகிய ஏற்கெனவே இருந்தவர்களுக்கே பயிற்சி அளித்தது. மூன்றாம் மாதத்தில் பயிற்சி நடந்த ஊர்களில் 79 விழுக்காடும் பிற ஊர்களில் 48 விழுக்காடும் காணப்பட்டன. வயிற்றுப்போக்கும் பயிற்சி நடந்த ஊர்களில் குறைவாக இருந்தது.

எல்லா இடங்களிலும் முடிவு இவ்வாறு அமையவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் அயலவர் ஆதரவு பற்றி நடந்த ஆய்வுகளில் தெளிவான பயன் காணப்படவில்லை. அங்கு வழக்கமான மருத்துவ மாது சேவை ஏற்கெனவே உள்ளமையும், அளிக்கப்பட்ட சந்திப்புகள் குறைவாக இருந்தமையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. தாய் அழைத்தால் மட்டும் வரும் உதவியை விட, அழைக்காமலேயே குறித்த நாளில் வரும் உதவி பயன் மிக்கது என்பதும் பொதுவாக ஏற்கப்படும் கருத்தாகும். களைத்துப் போன ஒரு தாய் உதவி கேட்கும் நிலையில் இருப்பதில்லை.

இந்தியா

இந்தியாவில் 2011 இல் தொடங்கிய வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ், ஆஷா எனப்படும் ஊர் நலப் பணியாளர் மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் செல்ல வேண்டும். வீட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளும் சேர்ந்து ஏழு சந்திப்புகள். முழுச் சுற்றுக்கும் 250 ரூபாய் ஊக்கத்தொகை நிர்ணயிக்கப்பட்டது. 42 ஆம் நாளுடன் தொடர்பு முடிந்துவிடும் குறையை நீக்க, 2018 இல் 3, 6, 9, 12, 15 ஆம் மாதங்களில் மேலும் ஐந்து சந்திப்புகள் சேர்க்கப்பட்டன. தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும் 'மா' திட்டம் 2016 ஆகத்தில் தொடங்கியது.

2019-21 இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, மருத்துவமனைப் பிரசவங்கள் 88.6 விழுக்காட்டை எட்டியதைக் காட்டியது. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றோர் 41.8 விழுக்காட்டினரே. முதல் ஆறு மாதங்களில் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் முந்தைய ஆய்வின் 54.9 விழுக்காட்டிலிருந்து 63.7 ஆக உயர்ந்திருந்தனர். மருத்துவமனையில் நடக்க வேண்டிய செயல் பின்தங்கி, வீட்டில் நடக்க வேண்டியது முன்னேறியிருப்பது கவனத்துக்குரியது.

தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர் மலைப்பகுதிகள், பழங்குடியினர் வாழும் பகுதிகள் போன்றவற்றிலேயே உள்ளனர். மற்ற இடங்களில் இப்பொறுப்பு கிராம சுகாதார செவிலியரைச் சாரும். ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. இங்கு பராமரிப்புத் தொடர்ச்சிக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது பரவலான வழக்கம். கணவன் ஊரில் பதிவு செய்து, வளைகாப்புக்குப் பின் தாய்வீடு சென்று, அருகிலுள்ள நகர மருத்துவமனையில் மகப்பேறு கண்டு, சில மாதங்களில் மீண்டும் கணவன் ஊர் திரும்பும் பெண் குறைந்தது இரண்டு செவிலியரின் எல்லைகளைக் கடக்கின்றார். தாய்வீடு அவருக்கு ஓய்வும் பத்திய உணவும் தருகின்றது. பாலூட்டலுக்கு இது பெருந்துணை. ஆனால் பதிவேடு கணவன் ஊரில் கிடக்கின்றது. இக்குறையைப் போக்கக் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் வழங்கி, அவர் எங்கு சென்றாலும் பின்தொடரும் 'பிக்மி' கணினிப் பதிவு முறை நடைமுறையில் உள்ளது. எண் ஊர் மாறிச் செல்லும். வீட்டு வாசலுக்குச் செல்ல வேண்டியவர் செவிலியரே.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் அமைக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2015 ஆகத்தில் தொடங்கப்பட்டது. வீட்டை விட்டு வெளியே வரும் தாய்க்கான ஆதரவு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. சில இடங்களில் இவ்வறைகள் பூட்டியே கிடக்கின்றன என்ற முறைப்பாடும் உண்டு.

இலங்கை

தெற்காசியாவில் பராமரிப்புத் தொடர்ச்சிக்கு மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் நாடு இலங்கை. 1926 இல் களுத்துறையில் அமைக்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறையின்படி, நாடு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் குடும்பநல உத்தியோகத்தர் பணியாற்றுகின்றனர். கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்பவர், கிளினிக்கில் எடை பார்ப்பவர், குழந்தை பிறந்ததும் வீட்டுக்கு வருபவர், பின்னர் தடுப்பூசிக்கு அழைப்பவர் ஆகிய அனைவரும் ஒருவரே. முதல் பத்து நாட்களில் இரு முறையும், அதன் பின் 28 ஆம் நாளுக்குள் ஒரு முறையும், 42 ஆம் நாளையொட்டி ஒரு முறையும் அவர் வருவது விதி. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு தாயின் கையிலேயே இருக்கும். பெரிய வைத்தியசாலைகளில் பாலூட்டல் சிக்கல்களுக்கெனத் தனி நிலையங்களும் உள்ளன. 2016 இன் குடித்தொகை, சுகாதார ஆய்வு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் 82 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டும் பெறுவதாகக் காட்டியது.

இந்தச் சராசரி நாடெங்கும் ஒரே சீரான சேவையைக் குறிக்காது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் குடும்பநல உத்தியோகத்தருக்குக் கடும் பற்றாக்குறை நிலவியது. ஒருவர் பல பிரிவுகளைப் பார்க்க வேண்டியிருந்தபோது முதலில் கைவிடப்பட்டது வீட்டுச் சந்திப்பே. மலையகத் தோட்டங்களில், 'பிள்ளை மடுவம்' எனப்பட்ட குழந்தைக் காப்பகம் கொழுந்து பறிக்கும் தாயின் வேலையிடத்துக்கு அருகில் அமைவது பாலூட்டலுக்கு வழி செய்கின்றது. எனினும், மலைச்சரிவில் தொலைவான மலையில் வேலை விழும் நாட்களில், சட்டம் தரும் பாலூட்டல் இடைவேளை நடந்து வரவே போதாது.

வேலையும் சட்டமும்

இலங்கையில் மகப்பேற்று விடுப்பு 84 நாட்கள். மூன்றாவது, அதற்குப் பிந்திய பிள்ளைகளுக்கும் இதே அளவு 2018 இல் விரிவாக்கப்பட்டது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரையில் பாதியளவு காலமே இது. இந்தியாவில் 2017 திருத்தச் சட்டம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் அளித்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாம் என்றும் அது கூறியது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் விடுப்பு ஓர் ஆண்டு. ஆனால் உழைக்கும் இந்தியப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழில்களில் உள்ளனர். வயலிலும் செங்கற் சூளையிலும் கட்டட வேலையிலும் ஈடுபடும் தாய்க்கு இச்சட்டம் பயன்படவில்லை.

தாய்ப்பால் மாற்றுணவு நிறுவனங்களின் குறுக்கீடு இத்துறையின் மற்றொரு சிக்கல். அவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு நெறிமுறை 1981 மே மாதத்தில் உலக சுகாதார மன்றத்தில் 118 வாக்குகளால் ஏற்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா. இந்தியா 1992 இல் தனிச் சட்டம் இயற்றி 2003 இல் அதை மேலும் இறுக்கியது. ஆதரவுக் குழுக்கள் இந்நிறுவனங்களிடமிருந்து பணமோ, அன்பளிப்போ, பயிற்சியோ பெறக்கூடாது என்பது இவ்வியக்கங்களின் பொது விதி. பால் போதவில்லையோ என்று தாய் ஐயுறும் அதே நாட்களில்தான் இலவச உதவி எண்களும் மாதிரிப் பொதிகளும் அவரைத் தேடி வருகின்றன.

குடும்பத்தின் இடம்

தொடக்ககாலத் திட்டங்கள் தாயை மட்டுமே நோக்கின. பால் போதுமா என்பதை முடிவு செய்பவர் பல வீடுகளில் தாய் அல்லர். மாமியாரோ, பாட்டியோ, சில வேளைகளில் கணவரோ ஆவர். ஆகையால் அண்மைக் காலத் திட்டங்களில் மூத்த பெண்களைக் குழுக் கூட்டத்துக்கு அழைப்பதும், கணவருக்கு இரவுப் பணிகளில் பங்கு உண்டெனக் கூறுவதும் இடம்பெறுகின்றன. பாலூட்ட இயலாத, அல்லது பாலூட்டாதிருக்க முடிவு செய்த தாய்மாரைக் குற்றவாளிகளாக நடத்தும் போக்கு சில குழுக்கள் மீது சாட்டப்படும் குறையாகும். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல், அத்தாய்மாருக்கும் பாதுகாப்பாக மாற்றுப்பால் தயாரிக்கும் முறையைத் தனித்தனியே கற்பிக்க வேண்டும் எனக் கூறுகின்றது. குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்குத் தாய்ப்பால் வங்கிகள் உதவுகின்றன. ஆசியாவின் முதலாவது வங்கி 1989 இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் ஆர்மிடா பெர்னாண்டசு முயற்சியால் அமைந்தது. பிரேசிலில் இவ்வங்கிகள் பால் சேமிப்பதுடன் நில்லாது, அயலிலுள்ள எந்தத் தாயும் மார்பு வலிக்கோ ஐயத்துக்கோ வந்து உதவி பெறும் இடங்களாகவும் இயங்குகின்றன. சில நகரங்களில் தானமளிக்கும் தாயின் வீட்டிலிருந்து பாலை எடுத்து வருபவர்கள் தீயணைப்புப் படையினர்.